மெமரி கார்டின் பட்டா யார் பெயரில்?

கையில் அடங்கும் கேம் கன்சோல் ஒன்றில் புதிதாக வாங்கிய மெமரி கார்டைச் செருகியதும், இந்தக் கார்டைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்தாக வேண்டும், செய்தால் இதிலுள்ள யாவும் அழிந்துபோகும், சம்மதந்தானா என்ற பொருள்பட ஒரு வாசகம் திரையில் தோன்றுகிறது. விளையாடும் அவசரத்தில் இருக்கிற சிறுவனானாலும் சரி, அவனுக்குக் கன்சோல் வாங்கிக் கொடுத்த தகப்பனாரானாலும் சரி, அந்த வாசகத்தை முழுவதும் படித்து, யோசித்து, பிறகு விடை சொல்கிறவர்கள் சொற்பமே. கார்டு புதிதாக இருக்கிற வரையில் அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பல வருஷ விளையாட்டின் பலனெல்லாம் சேர்ந்து கிடக்கும் பழைய கார்டை வேறொரு கன்சோலில் செருகும்போதும் ஏறத்தாழ அதே கேள்விதான், அதே சாந்தமான தோரணையில்தான் வருகிறது. வெறுங் கார்டும் நிறைந்த கார்டும் கன்சோலின் பார்வையில் ஒன்றே என்பதுதான் இதிலுள்ள விபரீதம்.

இந்தக் கேள்வியைச் சுற்றி நாளடைவில் பல உபகேள்விகள் கிளைத்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்வதா, கன்சோலிலேயே செய்வதா? ஃபேட் 32 என்ற பழைய முறையா, எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறையா? விரைவு ஃபார்மட் போதுமா, முழு ஃபார்மட் வேண்டுமா? அழிந்ததை மீட்க வழி உண்டா? இவற்றுக்கெல்லாம் ஒரு வரியில் விடை சொல்லிவிடுகிற நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கன்சோலுக்குச் சரியான விடை இன்னொன்றுக்குச் சர்வநாசமாக முடிவதற்கும் அவர்களே காரணம். வெறும் தொழில்நுட்ப விவகாரங்களாகத் தோன்றும் இவற்றின் அடியில், கார்டு வாங்கியவனுக்குச் சொந்தமா, கன்சோல் செய்த கம்பெனிக்குச் சொந்தமா என்ற பாத்தியதை வழக்கொன்று நடந்து கொண்டிருக்கிறது என்பதும், கன்சோலுக்குக் கன்சோல் ஃபார்மட் முறை மாறுவதன் காரணத்தை அந்த வழக்கிலேதான் தேட வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். அதை நிலைநாட்டுவதற்கு முன், ஃபார்மட் என்ற காரியத்தில் வாஸ்தவமாக நடப்பது இன்னதென்று பார்த்துவிடுவது நல்லது.

கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் மெமரி. ஜப்பானின் டோஷிபா கம்பெனியில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா அதன் முதல் வகையை 1984-ஆம் ஆண்டிலும், இன்று கார்டுகளில் உள்ள நாண்ட் என்னும் வகையை 1987-ஆம் ஆண்டிலும் விஞ்ஞானிகள் சபையில் எடுத்துரைத்தார். மின்சாரம் நின்ற பிறகும் எழுதியதை மறவாதிருப்பது அதன் மேன்மை. எழுதுவதானால் சிறு சிறு பக்கங்களாக எழுதலாம், அழிப்பதானால் பல பக்கங்கள் அடங்கிய ஒரு பெரும் பகுதியை ஒருசேரத்தான் அழிக்க வேண்டும் என்பதும், அவ்வாறு அழித்தெழுதுவதற்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஆயுள் வரம்பு உண்டு என்பதும் அதன் சுபாவ தோஷங்கள். இந்தத் தோஷங்களைச் சமாளிப்பதற்காகவே நகத்தளவு உள்ள கார்டுக்குள்ளும் ஒரு கன்ட்ரோலர் அமர்ந்து, எழுத்து வேலையின் பாரம் ஓரிடத்திலேயே விழாதபடி எல்லாப் பகுதிகளுக்கும் பரப்பிக் கொடுக்கிறது. ஆகவே இன்ன இடத்தில் எழுது என்று கன்சோல் கட்டளையிட்டால், அது மெய்யாகவே எந்த மூலையில் போய் எழுதப்படுகிறது என்பது கன்சோலுக்கே தெரியாது.

கர்ணம் வேலை இருந்த காலத்தில், நிலம் வேறு, நிலத்தைப் பற்றிய கணக்குப் புஸ்தகம் வேறு என்பது கிராமத்தார் எல்லோரும் அறிந்த சங்கதி. எந்த சர்வே நம்பர் யார் பெயரில் இருக்கிறது, எது தரிசு என்பதெல்லாம் புஸ்தகத்தில் இருக்கும். புஸ்தகத்தைத் திருத்தினால் நிலத்தில் ஒரு புல்லும் அசையாது, ஆனால் நிலத்துக்குடையவனின் கதி மாறிவிடும். மெமரி கார்டை ஃபார்மட் செய்வதும் இந்தக் கணக்குப் புஸ்தகத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, எல்லா நிலமும் தரிசு என்று புதுப் புஸ்தகம் ஒன்று எழுதி வைப்பதே.

1977-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் கம்பெனியில் பில் கேட்ஸும் மார்க் மெக்டொனால்டும் ஃப்ளாப்பி டிஸ்க்குகளுக்காக வகுத்த ஃபேட் என்னும் முறை, இந்தக் கணக்கெழுத்தின் மிக எளிய ரூபம். கார்டு முழுவதையும் கிளஸ்டர் எனப்படும் சம அளவுள்ள மனைகளாகப் பிரித்து, ஒவ்வொரு மனைக்கும் எதிரே, இந்தக் கோப்பின் அடுத்த துண்டு எந்த மனையில் இருக்கிறது என்ற எண்ணை எழுதி வைப்பதோடு சரி. 32 ஜிகாபைட் கார்டு ஒன்றை 32 கிலோபைட் மனைகளாகப் பிரித்தால் ஏறத்தாழ பத்து லட்சம் மனைகள் வரும். ஃபேட் 32 முறையில் ஒவ்வொன்றுக்கும் கணக்கில் 4 பைட் இடம் வேண்டுமாதலால், புஸ்தகத்தின் கனம் சுமார் 4 மெகாபைட். பத்திரத்துக்காக இரண்டு பிரதிகள் எழுதுவது சம்பிரதாயமாதலால் 8 மெகாபைட். ஆக, 32 ஜிகாபைட்டையும் துடைத்துவிட்டதாகப் பறைசாற்றும் விரைவு ஃபார்மட், மெய்யாகவே எழுதுவது கார்டில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான். சில விநாடிகளில் காரியம் முடிந்துவிடும் ரகசியமும், முடிந்த பிறகு அழிந்ததை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பிழைக்கும் வழியும் இதுவே. ஒரு கோப்பை மட்டும் அழிக்கும்போது இதைவிடவும் சிக்கனம்: பெயர்ப் பட்டியலில் அந்தக் கோப்புக்குரிய 32 பைட் வரியில் பெயரின் முதல் எழுத்தை நீக்கி அங்கே ஓர் அடையாளக் குறியை வைத்துவிட்டு, அதன் மனைகளைத் தரிசாகக் குறித்துவிடுவார்கள், மீட்கப்பட்ட கோப்புகள் சில வேளை முதலெழுத்தை இழந்த பெயர்களோடு திரும்பி வருவது இதனால்தான்.

மீட்பைப் பற்றி மிதமிஞ்சிய நம்பிக்கை வைப்பதற்கில்லை. ஃபோட்டோரெக் போன்ற நிரல்கள் புஸ்தகத்தை மதிக்காமல் நிலத்திலேயே இறங்கி, இது புகைப்படத்தின் தலைப்பகுதி, இது வீடியோவின் தலைப்பகுதி என்று அங்க அடையாளத்தால் இனங்கண்டு எடுக்கின்றன. படங்கள் ஓரளவு கிடைக்கும். ஆனால் கன்சோல் தன் சொந்தச் சாவியால் பூட்டி எழுதிய கேம் கோப்புகளுக்கு வெளியே தெரியும் அங்க அடையாளம் எதுவும் கிடையாது. பெயரும் இருந்த இடமும் போன பிறகு அவை அர்த்தமற்ற எண் குவியல்களே. இது தவிர, சில ஃபார்மட் நிரல்கள் இந்தப் பகுதிகள் எனக்கு இனி வேண்டா என்று கன்ட்ரோலருக்கும் சொல்லிவிடுவதுண்டு. சொல்லிவிட்டால், அது ஒழிந்த வேளையில் நிஜமாகவே அழித்து வைத்துவிடும். முழு ஃபார்மட் என்பதோ விண்டோஸ் விஸ்டா காலந்தொட்டு மூலைமுடுக்கெங்கும் பூஜ்யம் எழுதும் காரியம். அதில் கார்டின் ஆயுளில் ஒரு சுற்று செலவாகிறது என்பது மெய். கார்டின் யோக்கியதையும் அப்போது வெளிப்பட்டுவிடுகிறது என்பதும் மெய்யே.

இனி அளவைப் பற்றிய தகராறு. பானசானிக், சான்டிஸ்க், டோஷிபா ஆகிய மூவரும் 1999-இல் கூடி அறிவித்த எஸ்.டி. கார்டுக்கு, அடுத்த ஆண்டே ஒரு சங்கமும் ஏற்பட்டது. அந்தச் சங்கத்தின் நியமப்படி 2 ஜிகாபைட் வரையுள்ள கார்டுகள் பழைய ஃபேட் முறையிலும், 2006-இல் வந்த எஸ்.டி.எச்.சி. என்ற 32 ஜிகாபைட் வரையிலான கார்டுகள் ஃபேட் 32 முறையிலும், 2009-இல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. என்ற 2 டெராபைட் வரையிலான கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையிலும் இருக்க வேண்டும். ஃபேட் 32-இல் ஒரு கோப்பின் நீளத்தைக் குறிக்க 32 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருப்பதால், 4 ஜிகாபைட்டை எட்டும் கோப்புக்கு அங்கே இடமில்லை. 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் அந்தக் குறையைப் போக்கியது. ஆயினும் அது 2019 ஆகஸ்டு வரையில் லைசென்ஸ் வாங்கிப் பயன்படுத்த வேண்டிய தனிச் சொத்தாக இருந்தது. அந்த மாதத்தில்தான் மைக்ரோசாஃப்ட் அதன் இலக்கணத்தைப் பகிரங்கமாக வெளியிட்டு, லினக்ஸில் சேர்ப்பதற்கும் இசைந்தது. உலகத்துக் கார்டுகளுக்கெல்லாம் பொது விதி வகுக்கும் சங்கம், ஒரு கம்பெனிக்கு உரிமைப்பட்ட கணக்கு முறையைக் கட்டாயமாக்கியது நியாயந்தானா என்று அக்காலத்தில் கேட்டவர்கள் உண்டு. கேட்டது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

32 ஜிகாபைட் என்ற எல்லைக்குக் கார்டின் இயல்பில் ஒரு காரணமும் இல்லை. ஃபேட் 32 முறை அதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு பெரிய இடத்தை ஆளவல்லது. எனினும் விண்டோஸின் ஃபார்மட் ஜன்னல் 32 ஜிகாபைட்டுக்கு மேல் ஃபேட் 32 தர மறுத்து வந்தது. அந்த ஜன்னலை 1990-களின் நடுவில் எழுதிய டேவ் பிளம்மர், அக்காலத்துக்கு அது மிக அதிகம் என்று எண்ணித் தாமே ஒரு நாளில் வைத்த எல்லை அது என்றும், தற்காலிகமாக எழுதிய ஜன்னல் நிரந்தரமாகிவிட்டது என்றும் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 2024 ஆகஸ்டில்தான் மைக்ரோசாஃப்ட் அந்த எல்லையை 2 டெராபைட்டாக உயர்த்தி ஒரு சோதனைப் பதிப்பில் வெளியிட்டது. அதுவும் எழுத்துக் கட்டளை வழியாக ஃபார்மட் செய்கிறவர்களுக்கு மட்டுமே. ஓர் இளம் எஞ்சினீயர் ஒரு காலை வேளையில் செய்த தீர்மானம் முப்பது வருஷம் உலகத்தை ஆண்டது என்றால், சாம்ராஜ்யங்களைப் பற்றி நாம் படித்தவை எல்லாம் சற்று மிகையென்றே தோன்றுகிறது.

இந்த எல்லையின் உபத்திரவத்தை மற்ற எவரையும்விட அதிகமாக அனுபவித்தவர்கள் 2011 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான நின்டெண்டோ 3டிஎஸ் கன்சோலை உடையவர்களே. அது உத்தியோகபூர்வமாக ஏற்பது 32 ஜிகாபைட் வரையுள்ள கார்டுகளை. அறிந்த கணக்கு முறை ஃபேட் 32. எக்ஸ்ஃபேட் அதற்குத் தெரியாது. 64 ஜிகாபைட் கார்டு வாங்கிச் செருகினால், கடையிலிருந்து எக்ஸ்ஃபேட்டாகவே வந்த அதை 3டிஎஸ் படிக்க மறுக்கும். கன்சோலிலேயே ஃபார்மட் செய்துவிடலாம் என்றால், கார்டை ஃபார்மட் செய்யும் வசதியே அதில் வைக்கப்படவில்லை. கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சென்றால், விண்டோஸ் ஜன்னல் ஃபேட் 32 என்ற பெயரையே காட்டாது. எஸ்.டி. சங்கம் தானே இலவசமாக வழங்கும் ஃபார்மட் நிரலை நாடினாலோ, அது நியமத்தில் அணுவளவும் பிசகாமல் மறுபடியும் எக்ஸ்ஃபேட்டையே எழுதிக் கொடுக்கும். மூன்று கதவுகளும் அடைபட்ட பிறகு, ஃபேட்32ஃபார்மட் என்ற ஒரு சிறு நிரல்தான் பலரைக் கரை சேர்த்தது. அதைக் கொண்டு ஃபார்மட் செய்த 64 ஜிகாபைட் கார்டும் 128 ஜிகாபைட் கார்டும் 3டிஎஸ்ஸில் தடையின்றி நடக்கின்றன. மனையின் அளவை 32 கிலோபைட்டாக, பெரிய கார்டானால் 64 கிலோபைட்டாக வைத்துக்கொள்ளுமாறு அனுபவசாலிகள் சொல்வார்கள். மனை சிறிதானால் புஸ்தகம் பெருத்து, எவ்வளவு இடம் காலி என்று எண்ணி முடிக்கவே கன்சோலுக்கு நேரம் பிடிக்கிறது.

3டிஎஸ்ஸின் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கார்டைக் கம்ப்யூட்டரில் திறந்தால் ‘நின்டெண்டோ 3டிஎஸ்’ என்ற ஃபோல்டரும், அதற்குள் முப்பத்திரண்டு எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட பெயருடைய ஒரு ஃபோல்டரும், அதற்குள் அதே மாதிரி மற்றொன்றும் தென்படும். முதலாவதன் பெயர், அந்தக் கன்சோலுக்கென்றே அமைந்த இரகசியச் சாவியிலிருந்து பிறப்பது. அதற்குள் இருப்பவை யாவும் அந்தச் சாவியால் பூட்டப்பட்டவை. வேறு கன்சோலில் செருகினால் அவை இருந்தும் இல்லாதவை. கார்டைத் தொடாமல் கன்சோலை மட்டும் ஃபார்மட் செய்தால் சாவி மாறிவிடுகிறது. கார்டில் ஒரு பைட்டும் அழியவில்லை, ஆனால் யாவும் போய்விட்டன. கார்டை மட்டும் ஃபார்மட் செய்வதானால், அந்த ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டரில் நகலெடுத்து வைத்துக்கொண்டு பிறகு புதுக் கார்டில் போட்டுவிட்டால் போதும். இடையில் புதுக் கார்டில் விளையாடத் தொடங்கிவிட்டவன், இரண்டு கார்டுகளில் இருப்பதையும் ஒன்றாக இணைக்க முடியாமல் தவிப்பான். 2023 மார்ச்சு 27-இல் 3டிஎஸ்ஸின் இணையக் கடையில் விற்பனை நின்றுவிட்டது. முன்பு வாங்கியவற்றைத் திரும்ப இறக்கிக்கொள்ள மட்டும் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த வாசலும் மூடும் நாளில், அலட்சியமாகச் செய்த ஒரு ஃபார்மட் பரிகாரமில்லாததாகிவிடும்.

இவ்வளவு இறுக்கம் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சோனியின் பி.எஸ்.பி. கன்சோல், கார்டின் உருவத்தில் பிடிவாதம் காட்டியதே ஒழிய, கார்டின் உள்ளடக்கத்தில் தாராளமாகவே நடந்துகொண்டது. எல்லோரும் எஸ்.டி. கார்டைக் கைக்கொண்டிருந்த காலத்தில் மெமரி ஸ்டிக் டூயோ என்ற தன் சொந்தக் கார்டையே அது கேட்டது என்பது வாஸ்தவம்; ஆயினும் செட்டிங்ஸில் புகுந்து ஃபார்மட் செய்தபின் அது எழுதி வைத்தது சாதாரண ஃபேட் முறையே. யு.எஸ்.பி. கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்தால் கார்டு ஒரு டிஸ்க்காகத் தோன்றும். ‘சேவ்டேட்டா’ என்ற ஃபோல்டரில் ஆட்டத்துக்கொன்றாகச் சேவ்கள் அடுக்கியிருக்கும். அதை நகலெடுத்து வைத்துவிட்டு, கார்டை ஃபார்மட் செய்து, திரும்பப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆடலாம். மைக்ரோ எஸ்.டி. கார்டை மெமரி ஸ்டிக்காக மாற்றிக் காட்டும் அடாப்டர்களும் பின்னாளில் மலிவாகக் கிடைத்தன. பட்டா வாங்கியவன் பெயரிலேயே இருந்தது.

ஏழு வருஷத்துக்குப் பிறகு, 2011 டிசம்பர் 17-இல் அதே சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் வீட்டாவில் இந்த நிலைமை தலைகீழாயிற்று. முன் கன்சோலின் தாராளம் கள்ளப் பிரதிகளுக்கு வாசல் திறந்துவிட்டது என்ற கசப்பு அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். வீட்டாவின் கார்டு வேறெந்தக் கருவியிலும் நுழையாது. கம்ப்யூட்டரில் அதைப் படிக்க ரீடரும் கிடையாது. கோப்புகளை நகலெடுக்க சோனி தந்த ஒரு தனி நிரலின் தயவு வேண்டும். அமெரிக்காவில் அதன் 32 ஜிகாபைட் கார்டின் விலை 100 டாலர். கன்சோலின் ஆரம்ப விலையே 250 டாலர்தான். கார்டில்லாமல் பல கேம்களில் சேவ் செய்யவே இயலாது. 2013-இல் வந்த மெலிந்த வீட்டாவில் 1 ஜிகாபைட் உள்மெமரி வைத்தார்கள். கார்டைச் செருகினால் அந்த உள்மெமரியைப் பயன்படுத்த முடியாது என்ற நிபந்தனையும் உடன்வந்தது.

ஃபார்மட்டின் உபயோகம் இங்கேதான் வேறொரு ரூபம் கொள்கிறது. வீட்டாவின் கார்டு, அதைப் பயன்படுத்தியவரின் பிளேஸ்டேஷன் கணக்கோடு பிணைக்கப்பட்டிருக்கும். அண்ணனின் கார்டைத் தம்பி தன் கன்சோலில் செருகினால், இது வேறொரு கணக்குக்கு உரியது, இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய் என்று கன்சோல் சொல்லும். கார்டில் பழுதில்லை, கணக்குப் புஸ்தகம் கிழியவில்லை, படிக்க முடியாத எழுத்து ஒன்றுமில்லை. உடையவன் பெயர் மட்டுமே வேறு. ஒரு வீட்டில் மூன்று பேர் ஒரே கன்சோலைத் தத்தம் கணக்கில் ஆட விரும்பினால், ஒவ்வொரு முறையும் கன்சோலைப் பிறந்த நிலைக்குத் திருப்பி, ஆளுக்கொரு கார்டு மாற்ற வேண்டும். கோளாறைச் சீர்செய்யவும் புதுக் கார்டைத் தயாரிக்கவும் ஏற்பட்ட ஓர் உபகாரச் செயலை, பாத்தியதையை நிலைநாட்டும் ஆயுதமாக மாற்றியதில் வீட்டாவுக்கு நிகர் எதுவுமில்லை என்பேன். அதன் வியாபாரம் சோபிக்காமல் போனதற்குக் கார்டு மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. கார்டும் ஒரு காரணம் என்பதை மறுப்பவர்கள் அபூர்வம். 2016-இல் வீட்டாவின் பூட்டு ஆர்வலர்களால் உடைக்கப்பட்ட பிற்பாடு, கேம் கார்டு நுழையும் துவாரத்தில் மைக்ரோ எஸ்.டி. கார்டைச் செருகும் சிறு அடாப்டர் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. 2019 மார்ச்சில் ஜப்பானில் வீட்டாவின் உற்பத்தி நின்றுவிட்டபடியால், சொந்தக் கார்டுகள் அருகிவரும் இக்காலத்தில் பலருடைய வீட்டாக்களுக்கு உயிர் கொடுத்துக் கொண்டிருப்பது அந்த அடாப்டர்தான்.

2017 மார்ச்சு 3-இல் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் இந்த இரண்டு துருவங்களுக்கும் நடுவே ஒரு சாதுரியமான இடத்தைப் பிடித்தது. கார்டு எவர் கடையிலும் கிடைக்கும் மைக்ரோ எஸ்.டி.; 2 டெராபைட் வரை ஏற்கும். கேம்கள் கார்டில் இருக்கலாம், ஆனால் சேவ்கள் யாவும் கன்சோலின் உள்மெமரியிலேயே இருக்கும். ஆகவே ஸ்விட்சில் கார்டை ஃபார்மட் செய்வதனால் போவது, மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய கேம் கோப்புகளும், நகலெடுக்காமல் விட்ட திரைக்காட்சிப் படங்களும் வீடியோக்களுமே. ஐம்பது மணி நேரம் ஆடிய ஆட்டம் போவதில்லை. விளையாடுகிறவனுடைய மன நிம்மதிக்கு இது பெரிய அனுகூலம் என்பதை ஒப்புக்கொண்டே தீரவேண்டும். அதே ஏற்பாட்டினால், சேவ்களைக் கார்டில் நகலெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும் சுதந்திரம் போய்விட்டது. கன்சோல் பழுதானால் சேவ்களைக் காப்பாற்ற 2018 செப்டம்பரில் தொடங்கிய சந்தாத் திட்டத்தின் கிளவுடை நம்ப வேண்டும். கார்டில் ஃபார்மட் பயத்தை நீக்கிய கையே பத்திரத்தைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டது. கார்டில் உள்ள கேம் கோப்புகளும் அந்தக் கன்சோலுக்கே பூட்டப்பட்டவை. புகைப்படங்கள் மட்டும் வருஷம், மாதம், தேதி வாரியாக ‘ஆல்பம்’ ஃபோல்டரில் யாரும் பார்க்கும்படி கிடக்கும்.

எக்ஸ்ஃபேட் முறையைப் படிக்கும் சக்தி ஸ்விட்சில் பிறவியிலேயே இல்லை. 64 ஜிகாபைட் கார்டைச் செருகினால், இணையத்திலிருந்து ஒரு அப்டேட் இறக்கிக்கொண்ட பிறகே அதை ஏற்கும். உரிமைக் கட்டணமே அதற்குக் காரணம் என்பது பலருடைய ஊகம். ஃபேட் 32-இல் கொடுத்தாலும் ஸ்விட்ச் சளைப்பதில்லை. 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளைத் துண்டு துண்டாக்கி எழுதி, படிக்கும்போது ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். இரண்டில் எது மேல் என்ற வாதத்தில் ஆர்வலர்கள் பெரும்பாலும் ஃபேட் 32-இன் பக்கம் நிற்கிறார்கள். எக்ஸ்ஃபேட் தன் புஸ்தகத்துக்கு வழக்கமாக ஒரே பிரதிதான் வைத்துக்கொள்கிறது, எழுதும் நடுவில் மின்சாரம் அறுந்தால் சேதம் பெரிது என்பது அவர்கள் கட்சி. கன்சோலை அதன் போக்கிலேயே பயன்படுத்துகிறவர்களுக்கு எக்ஸ்ஃபேட்டால் கெடுதல் இல்லை என்பது என் கருத்து. கார்டை அடிக்கடி கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டுகிறவர்களுக்கு அந்தக் கட்சியில் நியாயம் இருக்கிறது.

2022-இல் வால்வு கம்பெனி வெளியிட்ட ஸ்டீம் டெக் லினக்ஸில் இயங்குவது. கார்டை அது ஃபார்மட் செய்வதும் எக்ஸ்ட் 4 என்ற லினக்ஸ் முறையில்தான். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் அதன் ஏற்பாட்டுக்கு எக்ஸ்ஃபேட்டில் இல்லாத சில வசதிகள் தேவையாதலால் இதில் கபடம் ஒன்றுமில்லை; பூட்டும் இல்லை, வேறொரு ஸ்டீம் டெக்கில் செருகினால் கேம்கள் தென்படும். ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. அந்தக் கார்டை ஒரு நாள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால், தான் படிக்கத் தெரியாத புஸ்தகத்தைப் புஸ்தகமே அல்ல என்று தீர்மானித்து, இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும் என்று அது ஒரு பெட்டியைக் காட்டும். அங்கே ‘கேன்சல்’ அழுத்த வேண்டிய விரல் பழக்கதோஷத்தால் மற்றதை அழுத்திவிட்டால், நூற்றுக்கணக்கான ஜிகாபைட்டுகளுக்கான புஸ்தகம் கண்மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். பழைய கேம்களை ஆடுவதற்கென்று சீனாவிலிருந்து வரும் சிறு கன்சோல்கள் பலவற்றிலும் இதே வினை உண்டு. ஒரே கார்டில் பல பிரிவுகள் இருப்பதால், விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அந்தப் பெட்டியைக் காட்டி மிரட்டும்.

ஆகவே கம்ப்யூட்டரிலா கன்சோலிலா என்ற கேள்விக்கு, கன்சோலில் வசதியிருந்தால் கன்சோலிலேயே என்பதுதான் நியாயமான விடை. அந்தக் கன்சோல் எந்தப் புஸ்தகத்தை எதிர்பார்க்கிறதோ அதை அதுவே எழுதிக்கொள்ளும். 3டிஎஸ் போன்றவற்றுக்கு மட்டும் கம்ப்யூட்டர் தவிர்க்கவியலாதது; 32 ஜிகாபைட் வரையுள்ள கார்டானால் எஸ்.டி. சங்கத்தின் நிரல் விண்டோஸ் ஜன்னலைவிட உசிதம், ஏனெனில் கார்டின் உட்பகுதிகளின் எல்லையோடு பொருந்துமாறு அது புஸ்தகத்தை அமைக்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், அது கார்டில் தன் போக்கில் புள்ளியில் தொடங்கும் பெயருடைய சில்லறைக் கோப்புகளை விட்டுச் செல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

போலிக் கார்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 8 ஜிகாபைட் மெமரியை வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் நான் 256 ஜிகாபைட் என்று பொய் சொல்லுமாறு கன்ட்ரோலருக்குப் பாடம் கற்பித்து விற்கிறார்கள். விரைவு ஃபார்மட்டில் அந்தக் கார்டு கம்பீரமாகத் தேறிவிடும். சில மெகாபைட் எழுதுவதற்கு 8 ஜிகாபைட்டே தாராளம் அல்லவா? முதல் சில கேம்களும் நன்றாகவே ஓடும். இருக்கும் இடம் தீர்ந்தபின் எழுதப்படுவது சில கார்டுகளில் முன்பு எழுதியதன் மேலேயே விழும், சிலவற்றில் எங்குமே விழாது. அப்போதும் எழுதியாயிற்று என்றே கார்டு பதில் சொல்லும். கார்டு முழுவதையும் எழுதி, பிறகு முழுவதையும் படித்து ஒப்பிடும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய நிரல்களை வாங்கிய அன்றே ஓட்டிவிட்டால் இந்த மோசடி வெளிப்பட்டுவிடும். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் பலர் செய்வதில்லை. 32 ஜிகாபைட் கார்டு விண்டோஸில் 29.8 என்று தெரிவதைக் கண்டு அதையும் மோசடி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. அது பத்தின் மடங்குகளில் எண்ணுவதற்கும் இரண்டின் மடங்குகளில் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசமே தவிர வேறல்ல.

ஆயுள் முடிந்த கார்டின் நடத்தை இன்னும் விசித்திரமானது. இனி அழித்தெழுதினால் உள்ளதும் கெடும் என்று கண்டுகொண்ட கன்ட்ரோலர்கள் சில, கார்டைப் படிக்க மட்டும் அனுமதித்து, எழுத்தை அடியோடு நிறுத்திவிடுகின்றன. ஃபார்மட் செய்தால் முடிந்துவிட்டதாகச் செய்தி வரும். கழற்றி மறுபடி செருகிப் பார்த்தால் பழைய கோப்புகள் யாவும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். பேய் பிடித்த கார்டு என்று இதை எறிந்துவிடுகிறவர்கள், எறிவதற்கு முன் அந்தக் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளலாம். கார்டு கடைசியாகச் செய்யும் உபகாரம் அது. பெரிய எஸ்.டி. கார்டில் மட்டும், விளிம்பிலுள்ள சிறு பூட்டுக் குமிழ் கீழே தள்ளப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும், மைக்ரோ எஸ்.டி.யில் அந்தக் குமிழே கிடையாது.

2025 ஜூன் 5-இல் வெளியான ஸ்விட்ச் 2, இதுவரை சொன்ன தகராறில் ஒரு புது அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறது. கேம்களை வைப்பதற்கு அது ஏற்பது மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புதுவகைக் கார்டை மட்டுமே; முன் ஸ்விட்சில் பயன்பட்ட கார்டைச் செருகினால், அதிலுள்ள புகைப்படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடும். வேகத்துக்காக ஏற்பட்ட கட்டாயம் இது, வீட்டாவில் போலத் தனியுரிமைக்காக ஏற்பட்டதன்று. எக்ஸ்பிரஸ் கார்டுகளைப் பல கம்பெனிகள் செய்கின்றன, நியமமும் எஸ்.டி. சங்கத்தின் பொது நியமமே. பழைய கார்டை வைத்திருப்பவர்கள் அதிலுள்ள படங்களை எடுத்துக்கொண்டபின் அதை மறுபடி ஃபார்மட் செய்து, பழைய ஸ்விட்சிலோ, ஒரு ஸ்டீம் டெக்கிலோ, சாதாரணக் காமிராவிலோ போட்டுக்கொள்ளலாம். அந்தக் கார்டுக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் எதிர்வழக்குப் போடவில்லை.